வாதம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நோய்கள்?

கடந்த தவணையில் உயிரியல் பாடத்துக்காக முழங்கால் மூட்டின் படத்தைக் கீறிப் பெயரிட வேண்டியிருந்தது. இரவு மேசையில் இருந்து கீறிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் உம்மும்மா கதிரையில் இருந்தபடியே இஷா தொழுதுவிட்டு, இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மகள் கீறுற?" என்று கேட்டார்.

"முழங்கால், உம்மும்மா."

"அப்ப எண்ட முழங்காலுக்கு என்ன வந்திரிக்கி எண்டு அந்தப் பொத்தகத்தில இரிக்கா?"

பாடப்புத்தகத்தில் அது இருக்கவில்லை. மூட்டின் பாகங்கள் இருந்தன. மூட்டின் வலி இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை எழுதப்பட்டது. எங்கள் ஆசிரியையிடம் கேட்டேன். நூலகத்தில் தேடினேன். ராத்தாவுடன் கண்டிக்கு கிளினிக் போன நாட்களில் வைத்தியர்களும் தாதிமாரும் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். தேடத் தேட ஒன்று தெளிவாகியது. எங்கள் வீடுகளில் கை, கால், மூட்டு எங்கே வலித்தாலும் "வாதம்" என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் காரணத்திலும் மருந்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நோய்கள் இருக்கின்றன. எங்கள் குடும்பத்திலேயே மூன்று இருந்தன.

மூட்டு எப்படி வேலை செய்கிறது?

இரண்டு என்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. என்பும் என்பும் நேரடியாக உராய்ந்தால் தேய்ந்துவிடும் என்பதால் அவற்றின் முனைகளைக் கசியிழையம் போர்த்தியிருக்கிறது. அது வெண்மையானது, வழுவழுப்பானது. மூட்டைச் சுற்றி ஓர் உறை உண்டு. அந்த உறையின் உட்புறத்தில் உள்ள மெல்லிய படலம், முட்டையின் வெள்ளைக்கரு போன்ற வழுக்கும் திரவத்தைச் சுரக்கிறது. வெளியே தசைகளும் நாண்களும் இணையங்களும் மூட்டை இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றன.

இதில் நாம் நினைவில் வைக்கவேண்டியது ஒன்று. கசியிழையத்துக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அது தன் உணவை அந்தத் திரவத்திலிருந்தே பெறுகிறது. மூட்டு அசையும்போது பஞ்சு பிழியப்படுவதுபோல அழுத்தப்பட்டு, விடுபடும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தம் வந்து போகாத இடமாகையால் சேதமடைந்தால் எளிதில் திருத்திக்கொள்ள முடியாது. அசைவே இல்லாவிட்டால் ஊட்டமும் குறையும். பின்னால் வரப்போகும் பல விடயங்களுக்கு இதுவே அடிப்படை.

உம்மும்மாவின் முழங்கால்

எங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிப் போகவேண்டிய இடத்தில் இருக்கிறது. கடுகண்ணாவையில் வீடு என்றால் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் முடியாது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியும், 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதையும் மலையைச் சுற்றிச் சுற்றித்தான் இங்கே ஏறி வந்தன. உம்மும்மா திருமணமாகி வந்த நாள் முதல் எங்கள் வீட்டுப் படிகளில் தண்ணீர்க் குடத்தோடும் விறகுக் கட்டோடும் ஏறி இறங்கியவர். இப்போது அவருக்கு 71 வயது. படி இறங்கும்போது வலி கூடுகிறது. காலையில் எழுந்ததும் முழங்கால் இறுகியிருக்கும். சற்று நடந்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் இலகுவாகிவிடும். மாலையாகும்போது மீண்டும் வலிக்கும்.

இது கசியிழையம் தேய்ந்து வரும் மூட்டு நோய். முன்பெல்லாம் இதை வண்டிச் சில்லுத் தேய்வதுபோன்ற வெறும் தேய்மானமாகவே கருதினார்கள். இப்போது ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. கசியிழையம், அதன் கீழுள்ள என்பு, உட்படலம், சுற்றியுள்ள தசை ஆகிய அனைத்தும் மாற்றமடையும் நோய் இது. வயது, உடல் நிறை, பழைய காயங்கள், பரம்பரை, திரும்பத் திரும்பச் செய்யும் பாரமான வேலை எல்லாம் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. பெண்களில் இது அதிகம். எக்ஸ்ரே படத்தில் மிக மோசமாகத் தெரியும் முழங்கால் சிலருக்கு அதிகம் வலிப்பதில்லை. படத்தில் சிறிய மாற்றமே உள்ள சிலர் நடக்க முடியாமல் இருக்கிறார்கள். ஆகவே படத்தை மட்டும் பார்த்து மனிதரை மதிப்பிட முடியாது.

இதற்கான சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் என்னை வியக்கவைத்தது 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து வெளிவந்தது. முழங்காலில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்தி உள்ளே கழுவிச் சுத்தம் செய்யும் சத்திரசிகிச்சை அக்காலத்தில் பெருமளவில் நடந்துகொண்டிருந்தது. மோஸ்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் குழுவினரும் 180 நோயாளிகளை, அவர்களின் சம்மதத்துடன், குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்கு உண்மையான சிகிச்சை. சிலருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டுத் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடங்கள் கவனித்ததில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிட எவ்விதத்திலும் மேலாக இருக்கவில்லை. "செய்தேன், சுகமாயிற்று" என்று ஒருவர் சொல்வது அவருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காதவரை அது மருந்தின் பலனா, காலத்தின் பலனா, நம்பிக்கையின் பலனா என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் எது பலன் தருகிறது? விடை மிகச் சாதாரணமானது. தொடையின் முன்பக்கத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும், நிறை கூடியவர்களுக்கு நிறை குறைப்பதும்தான். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் நீண்டகாலமாக நடந்த ஆய்வில், சுமார் 5 கிலோ நிறை குறைத்த பெண்களுக்கு வலியுடன்கூடிய முழங்கால் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனதாக 1992இல் வெளியிட்டார்கள். 2005இல் வந்த இன்னொரு கணிப்பின்படி, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை அளிப்பவர் உம்மும்மாவுக்கு ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து வரை எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. உம்மும்மா முதலில் சிரித்தார். "இதென்ன மருந்து? ஒரு குளிசையும் தரல்ல" என்றார். இப்போது ஐந்து எண்ணுவதற்குப் பதிலாக ஐந்து தரம் ஸுப்ஹானல்லாஹ் சொல்கிறார். மூன்று மாதத்துக்குப் பிறகு, முன்புபோல ஒவ்வொரு படியிலும் நில்லாமல், பாதி வழியில் ஒருதரம் மட்டும் நின்று வீதிக்கு இறங்குகிறார். தேய்ந்த கசியிழையம் திரும்ப வளரவில்லை. தசை பலமடைந்து மூட்டின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது.

குளிரும் மழையும்தான் காரணம் என்பது எங்கள் ஊரின் உறுதியான நம்பிக்கை. பிரித்தானியாவில் 2,600க்கும் மேற்பட்டோர் தமது வலியைக் கைபேசியில் தினமும் பதிவுசெய்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. ஈரப்பதனும் காற்றும் கூடிய, வளியமுக்கம் குறைந்த நாட்களில் வலி சிறிதளவு கூடியதாக அது காட்டியது. உம்மும்மா சொன்னது முற்றிலும் பிழையல்ல. ஆனால் மழை வலியைச் சற்றுக் கூட்டலாமே தவிர நோயை உண்டாக்குவதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

ராத்தாவின் விரல்கள்

பெரியம்மாவின் மகளான என் ராத்தாவுக்கு 27 வயது. இரண்டாவது பிள்ளை பிறந்து சில மாதங்களில் அவருடைய கைவிரல்கள் வலிக்கத் தொடங்கின. இரண்டு கைகளிலும், ஒரே விரல்களின் அடி மூட்டுகள். காலையில் எழுந்தால் கையை மூட முடியாது. ரொட்டிக்கு மாப் பிசைய முடியாது. மகனின் பாடசாலைச் சேட்டுக்குப் பொத்தான் போட முடியாது. பத்துப் பதினொரு மணி ஆகும்போதுதான் கை ஓரளவு தன் வசத்துக்கு வரும். களைப்பும் இலேசான காய்ச்சலும் வேறு.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை பெத்த உடம்பு. பச்சத் தண்ணியில கை வச்சிருப்பா. வாதம்."

உம்மும்மாவுக்கும் ராத்தாவுக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று, நோய் வேறு. உம்மும்மாவின் இறுக்கம் அரைமணி நேரத்துக்குள் போய்விடுகிறது. ராத்தாவின் இறுக்கம் மணிக்கணக்கில் நிற்கிறது. உம்மும்மாவுக்கு வேலை செய்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும். ராத்தாவுக்கு ஓய்வுக்குப் பிறகுதான் மோசம். ராத்தாவின் மூட்டுகள் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

இது முடக்குவாதம். நம்மைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தன் சொந்த மூட்டின் உட்படலத்தையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. படலம் தடித்து வளர்ந்து கசியிழையத்தையும் என்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஏன் தொடங்குகிறது என்பதற்கு முழுமையான விடை இன்னும் இல்லை. பரம்பரை அலகுகளுக்குப் பங்கு உண்டு. புகைபிடித்தல் ஆபத்தைக் கூட்டுகிறது. பச்சைத் தண்ணீருக்கு இதில் பங்கு இல்லை.

இந்த நோயில் காலம் மிக முக்கியம். முதல் சில மாதங்களில் சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டு சிதைவதைத் தடுக்கலாம். சிதைந்த பிறகு மருந்து வலியைக் குறைக்கும். கோணிய விரலை நேராக்காது. ராத்தா கிளினிக்குக்குப் போனது இரண்டு வருடம் கழித்து. அந்த இரண்டு வருடத்துக்கான விலையாக வலது கையின் இரண்டு விரல்கள் இப்போது சாய்ந்திருக்கின்றன.

பெயரில்லாத குளிசை

அந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதலாமா என்று ராத்தாவிடம் கேட்டேன். "எழுது, வேற ஒரு பிள்ளைக்காவது புத்தி வரட்டும்" என்றார்.

யாரோ சொன்னார்கள் என்று, வாதத்துக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் போனார்கள். அவர் கடதாசிப் பொட்டலத்தில் ஒரு தூளும் பெயரில்லாத சில குளிசைகளும் கொடுத்தார். மூன்றாம் நாளே ராத்தாவின் கை மூடித் திறந்தது. வீடே மகிழ்ந்தது. பிறகு குளிசை முடியும்போதெல்லாம் வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியது. ராத்தாவின் முகம் வட்டமாக ஊதியது. "உடம்பு தேறுது" என்று சொன்னோம். கிளினிக்கில் பரிசோதித்தபோது இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. அந்தக் குளிசையில் ஸ்டீரொய்ட் இருந்திருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகித்தார்.

ஸ்டீரொய்ட் என்பது கெட்ட மருந்து அல்ல. அதன் வரலாறே வியப்பானது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சட்காமாலை வந்தாலோ கர்ப்பம் தரித்தாலோ மூட்டுவலி குறைவதைப் பல வருடங்களாகக் கவனித்துவந்தார். உடலே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து நோயை அடக்குகிறது என்று ஊகித்தார். 1948 செப்டெம்பரில், படுக்கையிலிருந்து எழக் கஷ்டப்பட்ட 29 வயதுப் பெண் ஒருவருக்கு, பின்னர் கோட்டிசோன் எனப் பெயர்பெற்ற பொருளை ஊசிமூலம் ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கூடிய அளவில் தொடர்ந்து கொடுத்தபோது முகம் ஊதியது, சீனியும் பிரஷரும் கூடின, என்பு நலிந்தது, தொற்றுகள் எளிதில் வந்தன. இன்றும் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்; அளவோடு, காலத்தோடு, கண்காணிப்போடு. நீண்டநாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பெயரில்லாத குளிசையில் அளவும் இல்லை, காலமும் இல்லை, கண்காணிப்பும் இல்லை. அதுதான் அதன் தீங்கு.

ராத்தா இப்போது எடுப்பது மெதொட்ரெக்சேட். இந்த மருந்தின் பின்னால் ஒரு சென்னை மாணவர் இருக்கிறார். ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923இல் அமெரிக்கா சென்றவர் யெல்லாப்ரகட சுப்பாராவ். லெடர்லே ஆய்வுகூடத்தில் அவர் வழிநடத்திய குழு போலிக்கமிலத்தைத் தயாரித்தது. அதற்கு எதிராக வேலைசெய்யும் பொருட்களையும் உருவாக்கியது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்காக வந்த அந்த வரிசையில் ஒன்றுதான் மெதொட்ரெக்சேட். சுப்பாராவ் 1948இல் காலமானார். 40 வருடங்கள் கழித்து, 1988இல், அதே மருந்து அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கும் அங்கீகரிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு முதலில் தொடங்கும் மருந்து அதுவே.

இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டும். தவறுதலாக ஒவ்வொரு நாளும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ராத்தாவின் வீட்டு நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறும் சிவப்பு வட்டம் இருப்பது அதனால்தான். கர்ப்ப காலத்தில் இது கூடவே கூடாது. இரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. இதற்கும் அடங்காதவர்களுக்கு வேறு வகை மருந்துகள் வந்துள்ளன. பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் 1992இல் முதன்முதலாகப் பரிசோதித்த முறை, மூட்டில் அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுக்கிறது. அம்மருந்துகளின் விலை இன்னும் எங்கள் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

மாமாவின் பெருவிரல்

மூன்றாவது கதை மாமாவுடையது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் இரவு. உழ்ஹிய்யா இறைச்சி வீடு நிறைய. நள்ளிரவில் மாமாவின் வலது காற்பெருவிரல் சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலும் அலறும் அளவுக்கு வலித்தது. அதையும் வாதம் என்றுதான் சொன்னோம்.

அது கவுட் எனும் கீல்வாதம். நாம் உண்ணும் உணவிலும் நமது கலங்களிலும் உள்ள பியூரின் என்ற பொருள் சிதைவடையும்போது யூரிக்கமிலம் உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேறாமல் தேங்கினால் ஊசி போன்ற பளிங்குகளாகி மூட்டில் படிகிறது. வெண்குருதிக் கலங்கள் அந்தப் பளிங்குகளைத் தாக்க வரும்போதுதான் அந்தப் பயங்கர வலி. இறைச்சி மட்டும் காரணமல்ல. பரம்பரையும் சிறுநீரகமும் பெரும் பங்கு வகிக்கின்றன. ஏற்கெனவே யூரிக்கமிலம் நிறைந்திருந்த உடலுக்கு மூன்று நாள் இறைச்சி கடைசித் தூண்டுதலாக அமைந்தது.

மாமாவுக்கு வைத்தியர் கொடுத்த குளிசைகளில் ஒன்று கொல்ச்சிசின். இதைத் தேடிப் போனபோது நான் ஆயிரம் வருடம் பின்னால் போக நேர்ந்தது. இப்னு ஸீனா (980 – 1037) தமது அல்கானூன் ஃபித்திப் என்ற பெருநூலில் மூட்டுவலிக்கு ஸூரின்ஜான் என்ற மூலிகையைக் குறிப்பிடுகிறார். அக்கிழங்கில் இருப்பதே கொல்ச்சிசின். 1820இல் பிரான்சின் பெல்லெத்தியேயும் காவந்துவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். வெண்குருதிக் கலங்கள் மூட்டுக்குப் படையெடுத்து வருவதை அது தடுக்கிறது. யூனானி வைத்தியத்தில் ஸூரின்ஜான் இன்றும் இருக்கிறது. எங்கள் மலைநாட்டுக்கும் இந்த மரபில் பங்குண்டு. கண்டி அரசர்களின் காலத்தில் அரச மருந்துச்சாலையில் பணியாற்றியோரில் கேகாலைப் பக்கத்துக் கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால என்ற முஸ்லிம் வைத்தியப் பரம்பரையினரும் இருந்ததை வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா எழுதியிருக்கிறார்.

இதில் இன்னொரு செய்தி. எங்கள் வேலிகளில் மழைக்குப் பிறகு சிவப்பும் மஞ்சளுமாய்ச் சுடர்போலப் பூக்கும் கார்த்திகைப் பூவை எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் நியங்கலா. அதன் கிழங்கிலும் விதையிலும் அதே கொல்ச்சிசின் இருக்கிறது. தமிழ்நாட்டில் விதைக்காகவே அதைப் பயிரிட்டு மருந்துக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். இலங்கையிலோ அந்தக் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் பலர். மாமாவின் வலியைத் தணித்த பொருளும் அந்த உயிர்களைப் பறித்த பொருளும் ஒன்று. அளவு மட்டுமே வேறு. மூலிகை என்பதால் தீங்கில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது.

கவுட்டைத் திரும்பத் திரும்ப வராமல் தடுப்பது அலோபியூரினோல். இதை உருவாக்கியவர்களில் ஒருவர் கேர்ட்ரூட் எலியன் என்ற பெண். பெண் என்ற காரணத்தால் ஆய்வுகூடங்கள் வேலை தர மறுத்த காலத்தில், ஒரு கம்பனிக்காக ஊறுகாயின் புளிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர் அவர். கலாநிதிப் பட்டத்தை முடிக்க அவருக்கு வழி கிடைக்கவில்லை. 1988இல் நோபல் பரிசு பெற்றார். எமது கல்லூரியின் விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர்.

தங்கைமார்களுக்கும் பெற்றோருக்கும்

இதுவரை சொன்ன மூன்றும் பெரியவர்களின் நோய்கள். பாடசாலை வயதினருக்கு வரும் ஒன்று இருக்கிறது. தொண்டை நோவு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, காய்ச்சலுடன் முழங்காலில் வலி, அது குறைய கணுக்காலில், பிறகு முழங்கையில். இப்படி மூட்டுக்கு மூட்டு ஓடும் வலி வாதக் காய்ச்சலாக இருக்கலாம். 5 முதல் 15 வயது வரையான பிள்ளைகளையே இது அதிகம் தாக்குகிறது. தொண்டையில் தொற்றிய பற்றீரியாவை எதிர்க்க உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் தன் இழையங்களையும் தாக்குவதே காரணம். மூட்டு வலி சில வாரத்தில் தானாகப் போய்விடும். வீட்டில் நிம்மதியடைவோம். ஆனால் இதயத்தின் வால்வுகளில் ஏற்படும் சேதம் நிலைத்துவிடக்கூடும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி மறுபடி வராமல் காக்கும். "வளர்ற பிள்ள, கால் வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்வதற்கு முன் காய்ச்சல் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நுளம்பால் வரும் சிக்குன்குனியாவும் மூட்டுகளை முறுக்கும். 1952இல் இன்றைய தன்சானியாவில் அடையாளம் காணப்பட்ட நோய் அது. வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் மக்கொண்டே மொழிச் சொல்லே அதன் பெயர். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலங்கையில் பெரிதாகப் பரவியது, 2025இலும் தலைகாட்டியது. டெங்குவைப் பரப்பும் அதே நுளம்பினமே இதையும் பரப்புகிறது. ஆகவே காய்ச்சலோடு உடம்பு வலிக்கும்போது பரசிட்டமோலைத் தவிர வேறு வலிக் குளிசை போடக்கூடாது. டெங்குவாக இருந்தால் மற்றவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

வீட்டில் யாருக்காவது மூட்டு வலித்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்:

காலை இறுக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கிறதா?
மூட்டு வீங்கி, சூடாக இருக்கிறதா?
இரண்டு கைகளிலும் ஒரே மாதிரியா?
காய்ச்சல், நிறை குறைவு, கடும் களைப்பு உண்டா?
ஒரே இரவில் ஒரு மூட்டு சிவந்து வீங்கியதா?

ஒன்றுக்காவது "ஆம்" என்றால் தைலத்தோடு நிற்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். ஒரே மூட்டு திடீரென வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றே போக வேண்டும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். வலிக் குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்தில் பாதிப்பையும் கொண்டுவரும். எந்த மருந்தானாலும், ஆங்கில மருந்தானாலும் யூனானியானாலும் ஆயுர்வேதமானாலும், பதிவுபெற்ற வைத்தியரிடம், பெயர் எழுதிய மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

உம்மும்மாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இருக்கிறது. படத்தை மீண்டும் கீறி, தேய்ந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் நிறம் தீட்டிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கும் அவளுக்கும் ஒரே வருத்தம் இல்லயா?" என்று கேட்டார்.

"இல்ல, உம்மும்மா."

"நாந்தான் அவளுக்குச் சொன்ன, எனக்கும் இப்புடித்தான், பொறுத்துக்க எண்டு."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் காலை ராத்தாவின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்த உம்மும்மா மெதுவாகப் படியிறங்கிப் போனார். இப்போது சின்னவனின் சேட்டுக்குப் பொத்தான் போடுவது அவர்தான்.